ரக்பி லீக்கில் எத்தனை உலகக் கோப்பை? மதுரைப் பக்கம் கேட்கப்படும் கேள்விகள்

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலையில் பயிற்சிக்கு வரும் கபடிக்காரர்கள், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், சிட்னியிலோ லண்டனிலோ பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் என மூன்று தரப்பிலிருந்தும் வரும் கேள்விகள் இவை. ஆட்டத்தைப் பார்க்க நினைப்பவருக்கும், இங்கே சின்னதாக நடத்திப் பார்க்க நினைப்பவருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

ரக்பியும் ரக்பி லீக்கும் ஒன்றுதானே?

இல்லை. இந்தியாவில் ரக்பி என்றால் பெரும்பாலும் ரக்பி யூனியன்தான். 15 பேர் ஆடுவது, ஒலிம்பிக்கில் வரும் 7 பேர் ஆட்டம் எல்லாம் அந்த வகை. ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர்.

பிரிந்த கதை கூலியில் தொடங்குகிறது. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அந்த இழப்பைக் கிளப்புகள் ஈடுசெய்ய அனுமதி கேட்டார்கள், தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் தனியே போய்விட்டன. 1906இல் 13 பேர் என்று ஆக்கினார்கள்.

டிவியில் பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிடிபட்டவர் மேல் ஆட்கள் குவிந்து பந்துக்குப் போராடினால் அது யூனியன். பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட்டால் அது லீக்.

கபடி தெரிந்தவருக்கு விதிகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பாடிப் போகிறவருக்கு 30 விநாடி என்பதுபோல, இங்கே பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (பிடி). ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். கையால் பின்னோக்கி மட்டுமே பாஸ் தரலாம். முன்னால் அனுப்ப வேண்டுமென்றால் உதைக்க வேண்டும். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும்.

எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. அதற்குப் பின் இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச்சட்டத்துக்கு மேலே உதைத்தால் 2; இதுதான் கன்வெர்ஷன். பெனால்டி உதைக்கும் 2. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் தட்டி எழும்போதே உதைக்கும் டிராப் கோலுக்கு 1. மொத்தம் 80 நிமிடம்.

ஒரே விளையாட்டுக்கு எதற்கு இத்தனை உலகக் கோப்பை?

முதலமைச்சர் கோப்பை எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனிப் பிரிவு. ஒரே கபடி, ஆனால் ஆடுகிற ஆட்கள் வேறு. ரக்பி லீக்கும் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறது. முதன்மையானவை மூன்று: ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி. மாணவர், காவல்துறை, முப்படை, வளரும் நாடுகள், ஒன்பது பேர் ஆட்டம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் போட்டிகள் நடந்திருக்கின்றன.

ஆளை விதிக்கு ஏற்ப வளைக்காமல் விதியை ஆளுக்கு ஏற்ப வெட்டித் தைப்பது இந்த விளையாட்டின் பெரிய குணம். மற்ற எதையும்விட இதற்காகத்தான் நம் ஊர் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்கிறோம்.

ஆண்கள் உலகக் கோப்பையை யார் அதிகம் வென்றிருக்கிறார்கள்?

ஆஸ்திரேலியா, 12 முறை. பிரிட்டன் 3 முறை (1954, 1960, 1972), நியூசிலாந்து ஒரு முறை (2008). முதல் போட்டி 1954இல் பிரான்சில் நான்கே அணிகளோடு நடந்தது. பாரிஸ் இறுதி ஆட்டத்தில் பிரிட்டன் 16–12 என்று பிரான்சை வென்றது. ரக்பி யூனியன் தன் முதல் உலகக் கோப்பையை நடத்தியது 1987இல்தான்.

அந்த முதல் கோப்பைக்கு ஒரு கதை உண்டு. 1970இல் பிராட்ஃபோர்டு நகர ஹோட்டல் ஒன்றில் வைத்திருந்தபோது திருடு போனது. இருபது ஆண்டு கழித்து அதே ஊரில் குப்பைமேட்டில் கிடைத்தது.

கடைசியாக நடந்தது 2021ஆம் ஆண்டுக்கான போட்டி. கொரோனாவால் தள்ளிப்போய் 2022 அக்டோபர், நவம்பரில் இங்கிலாந்தில் நடந்தது. ஆண்களில் 16 அணிகள். இறுதியில் ஆஸ்திரேலியா 30–10 என்று சமோவாவை வென்றது. ஆனால் மறக்க முடியாத ஆட்டம் அரையிறுதிதான். இங்கிலாந்தும் சமோவாவும் 80 நிமிட முடிவில் 26–26. கூடுதல் நேரத்தில் முதல் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. சமோவாவின் ஸ்டீபன் கிரைட்டன் பந்தைத் தட்டி எழவிட்டு உதைத்தார். ஒரே ஒரு புள்ளி, 27–26. இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட தீவு நாடு இறுதிக்குப் போனது.

பெண்கள் போட்டி எப்போது தொடங்கியது?

2000இல். முதல் மூன்றையும் (2000, 2003, 2008) நியூசிலாந்து வென்றது. அடுத்த மூன்றையும் (2013, 2017, 2021) ஆஸ்திரேலியா. கடைசி இறுதி ஆட்டம் 54–4 என்று ஒருபக்கமாகவே முடிந்தது. எட்டு அணிகளில் பிரேசிலும் ஒன்று. கால்பந்து தேசத்திலிருந்து பெண்கள் அணி உலகக் கோப்பைக்கு வந்து சேர முடிந்தது என்பதை நம் கல்லூரி அணிகளிடம் சொல்ல வேண்டும். விதிகளில் ஆண்கள் ஆட்டத்தோடு பெரிய வித்தியாசம் கிடையாது. 13 பேர், முழு டேக்கிள்.

சக்கர நாற்காலி ரக்பி லீக் என்பது பாராலிம்பிக்கில் வருவதுதானா?

அல்ல. பாராலிம்பிக்கில் வருவது சக்கர நாற்காலி ரக்பி. அது வட்டப் பந்தில், முன்னோக்கியும் பாஸ் தரக்கூடிய வேறு ஆட்டம். இது 2004 வாக்கில் பிரான்சில் பிறந்தது. முட்டை வடிவப் பந்து, பின்னோக்கிப் பாஸ், ஆறு டேக்கிள், 4 புள்ளி ட்ரை என்று நின்று ஆடும் ஆட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும்.

உள்ளரங்கில் அணிக்கு 5 பேர். ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். உடல் குறைபாடு இல்லாதவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம், ஒரு நேரத்தில் களத்தில் அதிகபட்சம் இருவர். அண்ணன் நாற்காலியில், தங்கை நடப்பவள் என்றாலும் ஒரே அணியில் ஆடலாம்.

டேக்கிள் எப்படி? ஒவ்வொருவர் தோளிலும் ஒட்டுப்பட்டையில் ஒரு துணிப்பட்டை தொங்கும். பந்து வைத்திருப்பவரின் பட்டையைப் பிடுங்கினால் டேக்கிள். நாற்காலியோடு நாற்காலி மோதலாம், நன்றாகவே மோதுவார்கள். காலால் உதைக்க முடியாதே என்பவர்களுக்கு: பந்தைக் கைமுட்டியால் குத்தி அனுப்புவார்கள், கன்வெர்ஷன் உட்பட. ட்ரைக்குக் கோட்டைத் தாண்டி நாற்காலியிலிருந்து குனிந்து பந்தைத் தரையில் வைக்க வேண்டும். வேகத்தில் குனியும்போது நாற்காலி கவிழ்வது சாதாரணம்.

2008, 2013, 2017, 2021 என நான்கு முறை உலகக் கோப்பை நடந்தது. முதலும் கடைசியும் இங்கிலாந்துக்கு, நடுவில் இரண்டும் பிரான்சுக்கு. 2022 நவம்பர் 18 மான்செஸ்டர் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் இங்கிலாந்துத் தலைவர் டாம் ஹாலிவெல் போட்ட ட்ரைதான் 28–24 என்று முடித்துவைத்தது. அதே போட்டியில்தான் ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி மூன்றும் முதல் தடவையாக ஒரே காலத்தில், ஒரே பெயரில் நடந்தன. மொத்தம் 61 ஆட்டங்கள்.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

மாணவர், போலீஸ், ராணுவம் இவையெல்லாம்?

மாணவர் உலகக் கோப்பை 1986இல் நியூசிலாந்தில் தொடங்கியது. காவல்துறை, முப்படை அணிகளுக்கும் தனிப் போட்டிகள் உண்டு.

வளரும் நாடுகளுக்கானது முக்கியம். 1995இல் முதன்மை உலகக் கோப்பையோடு இங்கிலாந்தில் நடந்தது, குக் தீவுகள் வென்றது. 2018இல் சிட்னியில் நடந்ததை மால்டா வென்றது. பெரிய அணிகளோடு மோதி எண்பது, தொண்ணூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் அடுத்த ஆண்டு அணியே கலைந்துவிடும். சமபலத்தோடு ஆடினால்தான் ஆட்டம் ஒட்டும்.

ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 2019இல் சிட்னி பாரமட்டாவில் உலகக் கோப்பை நடந்தது. ஆண்களில் ஆஸ்திரேலியா, பெண்களில் நியூசிலாந்து. ஒரு பாதிக்கு 9 நிமிடம்தான்.

உடல் குறைபாட்டோடு நின்று ஆடுபவர்களுக்கும் 2022இல் வாரிங்டன் நகரில் உலகக் கோப்பை நடந்தது. அங்கே கால்சட்டையின் நிறம்தான் விதி: முழு டேக்கிள் தாங்க முடியாதவர் வேறு நிறம் அணிவார், அவரைத் தொட்டாலே போதும். மூத்தோர் ஆட்டத்திலும் இதே உத்தி, வயதுக்கு ஒரு நிறம். நடுவர் வாய் திறக்காமலே யாரை எப்படிப் பிடிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கபடிக்கும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

யார் எந்த நாட்டுக்கு ஆடலாம்?

பிறந்த நாடு, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாடு, நீண்ட காலம் குடியிருந்த நாடு. எனவே சிட்னியில் பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் வளரும் பையனின் தாத்தா மேலூரில் பிறந்தவர் என்றால், அவன் இந்தியாவுக்கு ஆடத் தகுதி உண்டு. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வைப்பதுதான் நடைமுறையில் கஷ்டம். பழைய தலைமுறையில் பலருக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியைத் தவிர வேறு ஆவணமே இருக்காது.

இந்த விதியால்தான் டோங்கா எழுந்தது. 2017 உலகக் கோப்பைக்கு முன் ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டுத் தன் வேர் நாடான டோங்காவுக்கு வந்தார். அந்தப் போட்டியிலேயே டோங்கா 28–22 என்று நியூசிலாந்தைத் தோற்கடித்தது.

இந்திய அணி இதுவரை மூன்று முதன்மை உலகக் கோப்பைகளில் எதிலும் ஆடியதில்லை.

அடுத்த உலகக் கோப்பை எப்போது? நம் நேரப்படி எத்தனை மணிக்கு?

2025இல் பிரான்சில் நடக்க வேண்டியது. பணப் பிரச்சினையால் 2023இல் பிரான்ஸ் விலகியது. அதனால் 2026 அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை ஆஸ்திரேலியாவை மையமாக வைத்து நடத்த முடிவானது. ஆண்களில் 10 அணிகள், பெண்களிலும் சக்கர நாற்காலியிலும் எட்டெட்டு.

நேரத்தில் பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். சிட்னியில் அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், பிரிஸ்பேனில் தள்ள மாட்டார்கள். இரவு 8 மணி ஆட்டம் சிட்னியில் என்றால் நமக்குப் பகல் 2.30, பிரிஸ்பேன் என்றால் 3.30, பெர்த் என்றால் மாலை 5.30. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் பார்க்க ஆள் சேர்ப்பது சுலபம்.

கபடி வீரர் நேரடியாக ரக்பி லீக் ஆடலாமா?

கால் நுணுக்கமும், கார்னரில் நிற்பவரின் கண்ணும், இடுப்பைப் பிடிக்கும் கையும் தயாராக இருக்கும். ஆனால் மூன்று பழக்கங்களை மாற்றாமல் களத்தில் விடக்கூடாது.

முதலாவது தலை. கபடியில் ஆங்கிள் ஹோல்டு (கணுக்கால் பிடி) போடும்போது ரெய்டர் கிட்டத்தட்ட நின்றிருப்பார். தலை அவர் முழங்காலுக்கு முன்னால் போனாலும் தப்பிக்கலாம். இங்கே எதிராளி 10 மீட்டர் ஓடி முழு வேகத்தில் வருவார். அதே மாதிரி முன்னால் பாய்ந்தால் அவர் முழங்கால் நேராக நெற்றியில் இடிக்கும். மூளை அதிர்ச்சிக்கு முக்கியக் காரணம் இதுதான். தோள் அவர் தொடையில் படவேண்டும், கன்னம் அவர் பின்புறத்தை ஒட்டியிருக்க வேண்டும், தலை எப்போதும் அவர் ஓடும் பாதைக்கு வெளியே. கண் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் தலை தானாகத் தாழும்.

இரண்டாவது தூக்குவது. இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போடுவதற்குக் கபடியில் கைதட்டல் கிடைக்கும். இங்கே ஆளைக் கிடைமட்டத்துக்கு மேல் தூக்கித் தலைகீழாக இறக்கினால் களத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள். தோளுக்கு மேல் பிடிப்பதும் குற்றம்.

மூன்றாவது விடாமல் பிடிப்பது. மூச்சு முடியும்வரை பிடித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பெனால்டியாக முடியும். எதிரணிக்குப் புதிதாக ஆறு டேக்கிள் கிடைக்கும். நடுவர் குரல் கொடுத்ததும் விட்டு எழ வேண்டும்.

முதல் இரண்டு வாரம் இருவரும் மண்டியிட்டு; அடுத்த இரண்டு வாரம் ஓடுபவர் நடந்து வர, பிடிப்பவர் ஒரு கால் மண்டியில்; அதற்குப் பிறகே மெதுவோட்டம். கரிசலோ செம்மண்ணோ, காய்ந்து இறுகிய தரையில் வேண்டாம். கபடி விரிப்பில் (மேட்) அல்லது கொத்திப் புரட்டித் தண்ணீர் தெளித்த மண்ணில் பழகுங்கள். தலையில் அடிபட்டவர் "ஒண்ணும் இல்லண்ணே" என்று எழுந்து வந்தாலும் அன்று மறுபடி இறக்காதீர்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

மதுரையில் ஒருநாள் போட்டி நடத்த என்ன வேண்டும்?

13 பேர் ஆட்டத்தில் தொடங்காதீர்கள். ஒன்பது பேர் ஆட்டம்தான் சரி: ஒரு அணிக்கு 14 பேர் போதும்.

முழுக் களம் 100 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம்; அதற்கு வெளியே நீளவாக்கில் இரு முனையிலும் ட்ரை போடும் இடம் குறைந்தது 6 மீட்டர். ஆக 112 மீட்டர். 400 மீட்டர் ஓடுபாதைக்கு உள்ளே இதைப் போட்டால் நாலு மூலையும் பாதையின் விளிம்பைத் தொடும். அகலத்தை 60ஆகக் குறையுங்கள். மூலைகளில் கிட்டத்தட்ட 4 மீட்டர் இடைவெளி கிடைக்கும். கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதுபோல 6, 8, 10 மீட்டர் முக்கோணக் கயிறு பிடித்து மூலையைக் கட்டுங்கள். பிறகு 100க்கு 60 செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டமும் 116.62 மீட்டர் வருகிறதா பாருங்கள். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் களம் சாய்ந்திருக்கிறது.

10 மீட்டருக்கு ஒரு கோடு வீதம் முழுதாகப் போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கோடு வரும். கோலமாவு அல்லது தண்ணீரில் கரைத்த வெள்ளை டிஸ்டெம்பர் போதும். சுட்ட சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கூடவே கூடாது. முகம் தரையில் உரசுகிற ஆட்டம் இது; கண் போய்விடும்.

கம்பம் 5.5 மீட்டர் இடைவெளி, குறுக்குச்சட்டம் 3 மீட்டர் உயரம். சவுக்குக் கழியில் கட்டலாம். அடியிலிருந்து 2 மீட்டர் வரை பஞ்சு மெத்தை சுற்றியே ஆக வேண்டும். கால்பந்துக் கம்பத்தைப் பிடுங்க முடியாத மைதானமென்றால் ட்ரைக் கோட்டை அதற்கு முன்னால் கொண்டுவந்து, உதைகள் இல்லாமல் ட்ரையை மட்டும் எண்ணுங்கள்.

எட்டு அணி, இரண்டு பிரிவு என்றால் 12 லீக் ஆட்டம், 2 அரையிறுதி, 1 இறுதி: மொத்தம் 15. இரண்டு 9 நிமிடப் பாதி, நடுவில் 2, மாற 5 என்று ஆட்டத்துக்கு 25 நிமிடம். பொங்கல் கழிந்த தை மாதத்தில் வைத்தால் காலை 6.45 முதல் 10.15 வரை 8 ஆட்டம், மாலை 3.45 முதல் 6.15 வரை 6 ஆட்டம். எண்ணிப் பாருங்கள், 14தான் வருகிறது. இறுதி ஆட்டம் இருட்டில் விழும். இந்தக் கணக்கைப் போடாமல் அழைப்பிதழ் அடித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. விளக்கு வெளிச்சம் இல்லையென்றால் இரண்டாவது களம் போடுங்கள், அல்லது இறுதியை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழை. சித்திரையை நினைக்கவே வேண்டாம்.

தண்ணீர் தலைக்கு 3 லிட்டர். 112 பேருக்கு 336 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 17. நடுவர்களுக்கும் சேர்த்து 20 சொல்லிவையுங்கள். நடுவர் ஒருவர், கோட்டு நடுவர் இருவர். தடுப்பணியை 10 மீட்டர் பின்னால் வைக்க நடுவர் தவறினால் பந்து எடுத்தவுடன் பிடிபட்டு, ஆட்டம் ஒரே இடத்தில் நின்றுவிடும். புது நடுவருக்கு முதலில் இதைப் பழக்குங்கள், மற்றது பிறகு.

சாதாரண சக்கர நாற்காலியில் ஆடலாமா?

பட்டை பிடுங்கும் பயிற்சி, பாஸ் பயிற்சி செய்யலாம். மோதல் ஆட்டம் வேண்டாம். மருத்துவமனை நாற்காலியின் சக்கரம் நேராக நிற்கும். திரும்பும்போது பக்கவாட்டில் கவிழும். கால்வைக்கும் தகடு முதல் மோதலிலேயே வளைந்து, எதிராளியின் ஆரக்கம்பியில் மாட்டும். விளையாட்டு நாற்காலியில் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும், பின்னால் கவிழாமல் தாங்க ஒரு சின்னச் சக்கரம், முன்னால் இடிதாங்கி, ஆளைப் பிணைக்கும் பெல்ட், ஆரக்கம்பிக்கு மூடி. கூடைப்பந்து ஆடும் விளையாட்டு நாற்காலி கிடைத்தால் பயிற்சிக்கு அதுவே நல்ல தொடக்கம்.

களம் கூடைப்பந்துத் தளத்தைவிடப் பெரிது. நம்மிடம் இருப்பது 28க்கு 15 மீட்டர் தளம் என்றால் அணிக்கு 4 பேராகக் குறையுங்கள். ஐந்து பேர் இறங்கினால் இடமே இருக்காது, மோதல்தான் மிஞ்சும். பந்து 4ஆம் அளவு. தளத்தை ஆட்டத்துக்கு முன் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்; புழுதி படிந்த சிமெண்டில் சக்கரம் வழுக்கும். பஞ்சர் கிட்டும், காற்றடிக்கும் பம்பும், மாற்று டியூப் நாலும் ஓரத்தில் இருக்கட்டும். கைவிரல்களுக்கு டேப் சுற்றியபின் இறங்கச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தில் முதலில் அடிபடுவது பெருவிரல்தான்.